நெஞ்சின் மேல் ஒரு மாவிளக்கு

மார்ச் 3, வெள்ளி

உப்பில்லாத ரசத்தைக் குடிப்பதற்குத் துணி அலசிய தண்ணீரைக் குடித்துவிடலாம். அதிலாவது சோப்பு ருசி இருக்கும். பிரமு அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை ஜெயில் வார்டன் மாதிரி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"ரசமும் தண்ணிக் கணக்குலதான் சேரும் மதினி. இதக் குடிச்சியன்னா ராத்திரி அர டம்ளர் கொறைச்சுத்தான் தருவேன்."

என் தம்பி ஆவுடையப்பனின் மனைவி இவள். முழுப்பெயர் பிரம்மசக்தி. வாயைத் தவிர வேறெதிலும் பெயருக்கேற்ற சக்தியை நான் கண்டதில்லை. மதுரையில் என் நெஞ்சைப் பிளந்து, பழுதான இருதய வால்வை எடுத்துப் போட்டுவிட்டு உலோக வால்வு வைத்து ஒரு மாதம் ஆகிறது. என் வாடகை வீடு மாடிப் போர்ஷன். படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பெருமாள்புரத்தில் இவள் வீட்டில் கிடக்கிறேன். தம்பி வீடு என்றுதான் எழுத வேண்டும். ஆனால் இந்த வீட்டில் அவன் வைத்தது எதுவும் சட்டமானதாக எனக்கு நினைவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் இங்கிருந்து வெளியேறி, பழையபடி விளையாட்டு டீச்சராக மைதானத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

மார்ச் 6

இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் இரும வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே கம்பி போட்டுத் தைத்த எலும்பு விட்டுவிடும். இன்று காலை அப்படி இருமிக்கொண்டிருந்தபோது பிரமு கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"கலியாணமே கட்டமாட்டேன்னு நின்னிய. கடைசில தலகாணியக் கட்டிட்டுக் கெடக்கிய."

"நீ கட்டினதுக்கு இது எவ்வளவோ தேவலட்டி" என்றேன்.

என் தம்பியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அவள் சிரித்துக்கொண்டே போன பிறகுதான் உறைத்தது.

மார்ச் 9

புது வால்வு டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது. ஆவுடை சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, "இன்னும் ஓடுதே" என்று காதில் வைத்துப் பார்த்தான். எம்.காம். படித்தவன்.

மார்ச் 14, செவ்வாய்

வண்ணாரப்பேட்டைக்கு இருதய டாக்டரிடம் போனோம். ரத்தத்தை நீர்க்க வைக்க மாத்திரை சாப்பிடுவதால், ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குப் பெயரே பி.டி.யாம். பி.டி. டீச்சருக்குப் பி.டி. டெஸ்ட். நர்ஸ் இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆவுடை பணம் கட்டப் போயிருந்தான். பிரமு கேன்டீனில் சர்க்கரை போடாத காப்பிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வால்வு நல்லா வேலை செய்யுது. ஆனா நுரையீரல் ரத்தக் குழாய்ல அழுத்தம் நாம எதிர்பார்த்த அளவுக்கு இறங்கல டீச்சர்" என்றார். நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். அவர் விளக்கினார். "வீட்டு வாசல்ல வாய்க்கால் அடச்சுக்கிட்டா தண்ணி உள்ள தேங்கிச் செவரெல்லாம் ஓதம் ஏறும்ல? நீங்க வருஷக்கணக்கா அடப்போடயே இருந்திருக்கீங்க. அடப்ப எடுத்தாச்சு. செவரு காய நாளாகும்."

"காயலைன்னா?"

"அதுக்குத்தான் மாத்திரை. விடாம சாப்பிடணும். மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியலைன்னாலோ, கால் வீங்கினாலோ உடனே வாங்க. ஒளிக்காதீங்க."

வெளியே வந்ததும் ஆவுடை கேட்டான், "என்னக்கா சொன்னாரு?"

"எல்லாம் சரியாயிட்டுன்னாரு" என்றேன்.

பிரமு காப்பியை நீட்டிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது.

மார்ச் 15

மருந்துச் சீட்டை நானே கொண்டுபோனேன். தெருமுனை மருந்துக் கடைதானே, நடக்கத்தானே சொல்லியிருக்கிறார்கள். கடையில் நின்றவள் ஜூலியட். என் மாணவி. மாவட்டப் போட்டியில் ரிலே ஓட்டத்தில் கடைசிக் கைமாற்றில் கட்டையைக் கீழே போட்டு வெள்ளிப் பதக்கத்தைக் கோட்டைவிட்டவள்.

சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். "டீச்சர், இந்த மாத்திரை… ஒங்களுக்கா?"

பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். அந்த மாத்திரையைச் சாதாரணமாக எந்த ஆம்பளை, எந்தக் குறைக்கு வாங்குவான் என்று சுவரொட்டி படிக்கிற ஊருக்கே தெரியும். நுரையீரல் அழுத்தத்துக்கும் அதே மாத்திரைதான் என்று எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதுக் கன்னி, ஊரில் பாதிப் பெண்களை முட்டிபோட வைத்தவள், இதை அந்த இரண்டு பேருக்கும் நின்று வகுப்பெடுக்க வேண்டுமாக்கும்.

"மத்ததெல்லாம் குடு. அது கெடக்கட்டும்" என்றேன்.

நெஞ்சு அறுத்தவளுக்கு ஒரு மாத்திரை குறைந்தால் குடிமுழுகிப் போகாது.

மார்ச் 21

இரண்டு நாளாகக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்குகிறேன். கட்டில் மெத்தை சரியில்லை. இலவம்பஞ்சு கட்டிதட்டிப்போயிருக்கிறது.

"என்ன மதினி, சேர்லயே ஒறங்கிட்டிய?"

"ஒன் மெத்தையில மனுசன் படுப்பானாட்டி? கருங்கல்லு தேவலாம். புதுசா ஒண்ணு தைக்க… துப்பில்ல…"

நடுவில் கொஞ்சம் நிறுத்த வேண்டியதாயிற்று. கூட்டிய தூசி தொண்டையில் போய்விட்டது. பிரமு விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். சாதாரணமாகப் பதிலுக்கு இரண்டு சொல்லுவாள். இன்று உள்ளே போய் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

மார்ச் 22

மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, வெயிலில் போட்டு, தைத்து வைத்திருக்கிறாள். நான் கேட்டேனா?

மார்ச் 24

புது மெத்தையும் சரியில்லை. நாற்காலிதான் வசதி.

மார்ச் 28

என் விசிலை எங்கிருந்தோ தேடி எடுத்து, நாற்காலிக் கைப்பிடியில் கயிற்றோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். பித்தளை விசில். முதல் வேலையில் சேர்ந்தபோது வாங்கியது. அதை ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் வேப்ப மரத்தடியில் ஒளிந்து நிற்கிறவள்கூட ஓடிவருவாள்.

"நான் மாவுமில்லுக்கு, ரேசனுக்குப் போனாலும் பக்கத்து வீட்டுல கேக்கும். மூச்சு முட்டுச்சுன்னா ஊதுங்க."

மூச்சு முட்டுகிறவள் எதைக் கொண்டு ஊதுவாள்? இப்படிப்பட்ட கூறுகெட்டவளிடம் என் உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆவுடையும் பிரமுவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன சமயம் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்குப் போய்வந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே.

மாடிப்படி நல்ல காற்றோட்டமான இடம். இத்தனை வருடம் அங்கே குடியிருந்தும் கவனித்ததில்லை. நடுவில் திரும்புகிற படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காற்று வாங்கினேன். கீழ்வீட்டு அம்மாள் வந்து, "ஏன் டீச்சர் இங்கன இருக்கிய, தண்ணி வேணுமா?" என்றாள். வெயில் இறங்கட்டும் என்று இருக்கிறேன் என்றேன். வெயில் இறங்கியதும் ஆட்டோவை வரச்சொல்லித் திரும்பிவிட்டேன்.

செடிகள் எப்படியும் காய்ந்துதான் போயிருக்கும்.

ஏப்ரல் 11

இன்று பெரிய சண்டை. காரணம் கீரை. இந்த வீட்டில் கீரை சமைத்தே இரண்டு மாதம் ஆகிறது. கீரை தின்றால் ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை வேலை செய்யாதாம். தினம் ஒரே அளவாகத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பிரமு கேட்கிற ஜாதியா?

"அளவு தெரிஞ்சு திங்கிற ஆளா நீங்க? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க வீட்டுல எத்தன கேசரி தின்னிய?"

இருபத்துமூன்று வருடம் ஆகிவிட்டது. கேசரிக் கணக்கு இன்னும் அவளிடம் இருக்கிறது. நான் சும்மா இருப்பேனா? "அந்தக் கேசரிலயும் சீனி இல்ல, இந்த ரசத்துலயும் உப்பு இல்ல, ஒன் கைராசி அப்பிடி" என்றேன்.

அப்போதுதான் அதை எடுத்தாள். "கேசரியச் சொல்லுதிய. அத்தன பேரு முன்னால என்னக் கூடத்துல இந்தச் செவருக்கும் அந்தச் செவருக்கும் நடக்க விட்டுப் பாத்தியளே, அத மறந்துட்டியளா? மாடு பிடிக்க வந்தவன்கூட அப்பிடிப் பாக்கமாட்டான்."

பார்த்தேன். அதற்கென்ன? பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்லுவார்கள், நூல் கோக்கச் சொல்லுவார்கள். நான் பி.டி. டீச்சர், நடக்கச் சொன்னேன். இடது கால் லேசாக உள்வாங்கி நடந்தாள். அதையும் அங்கேயே சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன். பிறகு கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் நான்தான். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடியிலும் உப்பில்லை. ஆவுடை உப்பு டப்பாவைத் தேடி அடுக்களைக்குப் போய் வெறுங்கையோடு வந்தான். எல்லோருக்கும் ஒரே சமையலாம். அவன் என்ன பாவம் செய்தான்?

ஏப்ரல் 20

மதியம் வீட்டில் யாரும் இல்லை. பிரமு ரேசன் கடைக்குப் போயிருந்தாள். குளித்துவிட்டு வந்து தலை துவட்டக் கையைத் தூக்கியபோது சற்று இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். விசிலை எடுத்து வாயில் வைத்தேன், சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க.

சத்தம் வரவில்லை. பழைய விசில், உள்ளே இருக்கிற கட்டை உலர்ந்து ஒட்டியிருக்கும். சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

பிரமு வந்தபோது நான் உட்கார்ந்திருந்தேன். "ஏன் இப்பிடி வேர்த்திருக்கு?" என்றாள். ஏப்ரல் மாதத்தில் திருநெல்வேலியில் வேர்க்காமல் பனியா கொட்டும் என்றேன். குனிந்து என் காலைப் பார்த்தாள். கணுக்காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. குழி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொலுசு வாங்கித் தரப் போறியா?" என்றேன்.

எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 24, திங்கள்

மே முதல் வாரம் என் வீட்டுக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். ஆவுடை தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பிரமு சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன்.

"போங்க மதினி. ஒங்களப் பிடிச்சு வச்சு எனக்கு என்ன ஆகப் போகுது" என்றாள். "ஆனா ஒண்ணு. ஒங்களுக்கு ஆபரேசன் நடந்த அன்னைக்கு நான் முப்பிடாதி அம்மனுக்கு நேந்துருக்கேன். ஒடம்பு சரியானா ஒங்க நெஞ்சுல மாவிளக்கு வைக்கேன்னு. அதச் செஞ்சுட்டுப் போங்க."

எங்கள் குலதெய்வக் கோயிலில் இது வழக்கம்தான். வயிற்றுவலி தீர்ந்தவர்கள் வயிற்றிலும், தலைவலி தீர்ந்தவர்கள் நெற்றியிலும் மாவிளக்கு வைப்பார்கள். சன்னதிக்கு எதிரே மல்லாந்து படுக்க வேண்டும். வலித்த இடத்தில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் வாழையிலைத் துண்டு, அதன்மேல் விளக்கு. நெய் தீர்ந்து திரி மலையேறும்வரை எழுந்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்தால் நோய் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னக் கேக்காம என் நெஞ்ச ஏன் நேந்த?"

"நீங்க அப்ப மயக்கத்துல இருந்திய. யார்ட்டக் கேக்க?" என்றாள். பிறகு சாவதானமாகச் சொன்னாள், "நல்லாயிட்டுன்னுதான சொல்லுதிய. மல்லாக்கப் படுத்து எந்திரிச்சு வாங்க. நானே ஆட்டோ பிடிச்சு, பெட்டியத் தூக்கி மாடில வச்சுட்டு வாரேன்."

சரி என்றுவிட்டேன். அவளிடமிருந்து விடுதலைக்கு ஒரு திரி எரியும் நேரம் விலை என்றால் கொள்ளை மலிவு.

ஏப்ரல் 27

ஆவுடை உருவாரம் வாங்கப் போனான். கோயிலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் என்று செய்து உண்டியலில் போடுவார்களே, அது. டவுன் கடையில் எல்லா உறுப்பும் இருக்கிறது, இருதயம் மட்டும் இல்லை. ஆசாரி யோசித்துவிட்டு, சீட்டுக்கட்டில் இருக்கிற ஹார்ட்டின் சின்னம் மாதிரி ஒன்று தட்டிக் கொடுத்திருக்கிறார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆவுடை, "நல்லாருக்காக்கா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இவனை எதற்கு எம்.காம். படிக்கவைத்தேன் என்று தெரியவில்லை.

மே 1

கட்டிலில் மல்லாந்து படுத்துப் பழகிப் பார்த்தேன். மெத்தை சரியில்லை.

மே 2, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். இதை அவள் ஊர் முழுக்கத் தன் வாய்ப்பட்டபடி சொல்லுவாள். என் பக்கமும் எங்காவது இருக்கட்டும்.

கோயிலில் கூட்டமில்லை. பூசாரி ஈரத்துணி கொடுத்தார். பிரமு விடிவதற்கு முன்பே அரிசி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து உருட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஆவுடையை வெளியே வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். ஏன் என்று அப்போது தோன்றவில்லை.

படுத்தேன். தழும்பின் மேல் இலையை வைத்து, விளக்கை வைத்து, ஏற்றினாள். கல்தரை குளிர்ச்சியாக இருந்தது. விதானத்தில் புறாக்கள். என் வால்வின் சத்தம் கல்லில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா என்று அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் அம்மனைப் பார்க்கவில்லை. என் தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அது வந்தது. நீச்சல் தெரியாதவள் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்துவதுபோல வந்தது. இத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்தே ஏமாற்றிவந்த தண்ணீர் முழுக்க நெஞ்சுக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்தேன், காற்று உள்ளே போகவில்லை. விளக்கு என் நெஞ்சோடு ஏறி இறங்கி ஆடியது. நெய் தளும்பி இலையில் வழிந்தது. எழுந்துவிட்டால் ஜூன் இல்லை, வீடு இல்லை, மைதானம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். செத்தாலும் மலையேறும்வரை எழமாட்டேன் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிரமு இலையோடு விளக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். நெய் சிந்தி அவள் விரலைச் சுட்டது, ஸ் என்றாள். முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு மூச்சு வந்து சேரும்வரை முதுகை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. டாக்டரு என்ன சொன்னாரு?"

சொன்னேன். வாய்க்கால், ஓதம், மாத்திரை, ஜூலியட் எல்லாவற்றையும். விட்டுவிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

"சவத்து மூதி" என்றாள் பிரமு. இருபத்துமூன்று வருடத்தில் என்னை நேருக்கு நேர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. "ரெண்டு பேரு பாத்துட்டானுவன்னு மாத்திரைய விட்டிய. அவனுவளா நாளைக்கு ஒங்களத் தூக்குவானுவ?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும், எனக்குச் சரியாகலன்னு?"

"முன்னெல்லாம் என்ன ஒரே மூச்சுல ஏசுவிய மதினி. தெருமுக்கு வர கேக்கும். இப்ப நடுவுல நிறுத்தி, மூச்சு வாங்கிட்டு, மிச்சத்த ஏசுதிய. மெத்த தைக்கச் சொன்னியளே, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"கேட்டிருக்க வேண்டியதானட்டி."

"கேட்டா சொல்லுவியளா? ஒங்க தம்பிகிட்டச் சொன்னா அவரு அழுவாரு. அதான் படுக்கப் போட்டுப் பாத்தேன்."

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. "அப்ப நேர்ச்ச?"

"ஒரு நேர்ச்சையும் இல்ல" என்றாள், அம்மன் பக்கம் திரும்பாமல். "அன்னைக்கு நீங்க என்ன நடக்க விட்டுப் பாத்திய. இன்னைக்கு நான் ஒங்களப் படுக்க விட்டுப் பாத்தேன். சரிக்குச் சரியாப் போச்சு."

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கத் தெம்பில்லை. "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிருக்கியே, வெளங்குவியா?" என்றேன்.

அது மட்டும் அவளுக்கு உறைத்தது. முகம் விழுந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, நான் படுத்த அதே கல்தரையில் மல்லாந்து படுத்தாள். "வைங்க" என்றாள். "பொய் நேர்ச்சைக்கு நான்தான் படுக்கணும்."

மிச்சமிருந்த நெய்யை ஊற்றி, திரியைத் தூண்டி, அவள் நெஞ்சில் வைத்தேன். விளக்கு ஆடவே இல்லை. சுவரில் மாட்டிய விளக்கு மாதிரி நின்று எரிந்தது. இவ்வளவு சுலபமாக ஒருத்தி மூச்சு விடுகிறாளே, அதைப் பற்றி ஒரு நினைப்புகூட இல்லாமல் விடுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு பொறாமை நான் யார்மீதும் பட்டதில்லை.

"எடது கால நேரா வையி" என்றேன்.

"ஏசுங்க, ஏசுங்க" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "எங்கன நிறுத்துதியன்னு பாக்கேன்."

மலையேறும்வரை அசையாமல் கிடந்தாள்.

மே 6

கோயிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். போன குறிப்பை அங்கே வைத்துத்தான் எழுதினேன். ஆவுடையை வண்டியிலேயே இருக்கச் சொன்னது அதற்குத்தான். நான்கு நாள் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு உடம்பிலிருந்த தண்ணீரையெல்லாம் எடுத்தார்கள். டாக்டர் சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜூன் என்றேன். "ஜூனப் பத்தி ஆகஸ்ட்ல பேசுவோம் டீச்சர்" என்றார். அழுத்தம் இறங்கினால்? "இறங்கினா மைதானத்துல நாற்காலி போட்டு உக்காரலாம். இறங்கலைன்னா வேற மாத்திரை இருக்கு. ஓடுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது. பிரமு பார்த்தாள், முந்தானையைத் தரவில்லை. ஊசி போட வைத்திருந்த பஞ்சிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள்.

மே 10

பிரமு என்னை மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடையில் கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனாள் என்று நினைக்கிறேன். சீட்டை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க மதினிக்கு நொரையீரலுக்கு எழுதிருக்கு. மாசாமாசம் வேணும், எடுத்து வச்சிரு" என்றாள்.

ஜூலியட் உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். என் பெயர் எழுதியிருந்தது. "மார்ச் மாசமே எடுத்து வச்சிட்டேன் டீச்சர். எங்க பெரியம்மாவுக்கும் இதே மாத்திரதான். அதான் ஒங்களுக்கான்னு கேட்டேன். நீங்க கோவமாப் போயிட்டிய."

பொட்டலத்தைக் கைமாற்றினாள். இந்தத் தடவை கீழே போடவில்லை.

மே 19

வெயில் கொளுத்துகிறது. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் ஒரு நாளை ஓட்ட வேண்டும். பிரமு ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, அதையும் கணக்கில் எழுதுகிறாள். கருமி.

சாயங்காலம் அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விசில் அவள் கையில் தட்டுப்பட்டது. அதையும் துடைத்தாள்.

"அத எடுத்துரு பிரமு" என்றேன்.

"ஏன்? கெடக்கட்டும். அவசரத்துக்கு."

"ஊத முடியலட்டி."

துடைக்கிற கை நின்றது. "எப்ப?"

"நீ ரேசனுக்குப் போயிருந்தப்ப. ஊதிப் பாத்தேன். வரல."

ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். இதற்கு மேல் என்னைக் கேலி செய்ய அவளுக்கு வேறு நல்ல சமயம் வாய்க்காது. அவளோ கயிற்றை அவிழ்த்தாள். விசிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு பூசையறைக்குப் போய், வெண்கல மணியைக் கொண்டுவந்து, என் கைக்கெட்டுகிற இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள்.

"இதுக்கு மூச்சு வேண்டாம். கைய அசைச்சாப் போதும்" என்றாள். "சும்மா சும்மா ஆட்டினியன்னா பூசைன்னு நெனச்சுச் சாமிதான் வரும். நான் வரமாட்டேன்."

அடுக்களைக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் மணியை எடுத்து ஆட்டினேன்.

ஏசிக்கொண்டே ஓடி வந்தாள்.